மஞ்சளைத் தின்ற அப்டேட்

ஒரு ரப்பர் கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, கொக்கியில் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்காவது ஒரு துளி கசிந்தால் அந்தக் கையுறையோடு அது வந்த பெட்டியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். லூனாஸ் ஊர்ப் பக்கம் இருக்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், தரச் சோதனைப் பிரிவில், பல வருடங்களாக நான் செய்துவருவது இதைத்தான். கசியும் என்று முன்கூட்டியே நம்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகும் நான் அந்த வேலையை நிறுத்துவதில்லை என்பது என் மனைவியின் குறை.

இப்போது எனக்கு இன்னொரு சோதனை வேலையும் இருக்கிறது. என் மகள் எழுதும் நிரல் ஒன்றின் ஒவ்வொரு அப்டேட்டையும் வெளியே விடுவதற்கு முன் என் கைப்பேசியில் போட்டு, அது எங்கே உடையும் என்று பார்க்கிறேன். இதற்குச் சம்பளம் இல்லை. மத்தியானத்தில் ஒரு கோப்பை தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கிடைக்கும்.

அவள் எழுதியது ஒரு பிளகின். வலைத்தளத்தில் பொருத்திக்கொள்கிற சின்ன இணைப்பு. கல்யாணத்துக்கு வந்தவர்கள் தங்கள் கைப்பேசியில் எடுத்த படங்களை ஒரு பொத்தானை அழுத்தி ஒரே ஆல்பத்தில் சேர்த்துவிடலாம். அதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தபோது, சொந்தக்காரர் கல்யாணம் ஒன்று முடிந்த மறுநாள் அவளுக்கு அந்த யோசனை வந்தது. "அத்தை எடுத்த படம் அத்தை போன்லயே கெடந்து சாவுது, மாமா எடுத்தது மாமா போன்ல. கல்யாணப் பொண்ணுகிட்ட ஒன்னுமே இல்லப்பா," என்றாள். எழுதி முடித்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டாள். சுங்கை பட்டாணியில் இருக்கும் ஒரு புகைப்படக்காரர் தன் வலைத்தளத்தில் அதைப் பொருத்திக்கொண்டு, தான் போகும் கல்யாணங்களுக்கெல்லாம் பயன்படுத்தினார். எங்களுக்குத் தெரியாத எங்கெங்கோ உள்ளவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அவள் படித்து முடித்து, கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, மோட்டார் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் முச்சந்தியில் ஒரு லோரி பார்க்காமல் திரும்பியது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. எனக்கு அழைப்பு வந்தபோது என் கையில் தண்ணீர் நிறைந்த ஒரு கையுறை இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

காலில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. "இனிமே நல்லா நடக்கலாம், வெளிய போகலாம்," என்று டாக்டர் சொன்னார். நடந்தாள். ஆனால் வீட்டு கேட்டைத் தாண்டவில்லை. அறையை விட்டு வந்து சாப்பாட்டு மேசையில் சுவரைப் பார்த்து உட்காருவாள், பிறகு எழுந்து அறைக்குள் போவாள். மேசையின் அந்தப் பக்கத்தில் சுவரைத் தவிர எதுவும் கிடையாது. அந்தச் சுவரில் அப்படி என்ன இருக்கிறது என்று அவள் இல்லாத நேரத்தில் நானும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நானும் சரியாக இல்லை. எங்கே யாருடைய போன் அடித்தாலும் என் நெஞ்சு ஒருமுறை குதிக்கும். வேலையிடத்திலிருந்து மணிக்கொருதரம் வீட்டுக்கு அடிப்பேன்.

"சாப்டியாம்மா?"

"ம்."

"மருந்து?"

"ம்."

"என்ன செய்ற?"

"ஒன்னும் செய்யலப்பா."

ஐந்து மாதம் இப்படியே ஓடியது.

ஆறாவது மாதத்தில் அவளுக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. ஏதோ குளிர் தேசத்தில் இருக்கும் யாரோ ஒருவர், அவளுடைய பிளகினைப் பயன்படுத்துகிறவர், எழுதியிருந்தார். எந்தப் படத்தை ஏற்றினாலும் பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறதாம். "என் நாய் சுவர்மேல் நடக்கிறது, தயவுசெய்து அதைத் தரைக்குக் கொண்டுவாருங்கள்," என்று எழுதி, படத்தையும் வைத்திருந்தார். உண்மையிலேயே ஒரு கொழுத்த நாய் சுவரில் நடந்துகொண்டிருந்தது. மகள் அதை வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்கு மடிக்கணினியை மேசைக்குக் கொண்டுவந்தாள்.

மூன்று நாள் கழித்து, நான் காலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, "அப்பா, உங்க போன்ல ஒரு படம் போட்டுப் பாருங்களேன்," என்றாள்.

அவ்வளவு மாதங்களில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. சட்டையைக்கூட மாற்றவில்லை. வாசலில் நின்ற பப்பாளி மரத்தைப் படம் எடுத்து, சோதனைக்கென்று அவள் வைத்திருந்த ஆல்பத்தில் ஏற்றினேன். மரம் நேராக நின்றது. நிரலோடு சேர்த்து வெளியிடும் குறிப்பில், என்ன மாற்றம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அவள் தமிழில் எனக்குக் காட்டிவிட்டுத்தான் ஆங்கிலத்தில் போட்டாள்: "சாய்ந்து விழுந்த படங்கள் இனி நிமிர்ந்து நிற்கும்." அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அதன்பின் ஒவ்வொரு மத்தியானமும் எங்களுக்கு வேலை இருந்தது. நான் தொழிற்சாலையில் செய்வதைப் போலவே செய்தேன். ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டு, தேதி, பதிப்பு எண், என்ன செய்தேன், பாஸா பெயிலா என்று எழுதினேன். ஒரே டுரியான் படத்தை முப்பது தடவை ஏற்றினேன். பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்கு ஓடினேன். அங்கே போனுக்கு லைன் கிடைக்காது. திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து ஏற வேண்டும். முதல் தடவை ஏறவில்லை. "பெயில்!" என்று தொட்டிக்குப் பின்னாலிருந்தே கத்தினேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். "தொட்டிக்குப் பின்னால நின்னுகிட்டு பெயில், பெயில்னு."

"அப்பா, நெசமாவே யாருதான் இப்படிலாம் செய்வா?" என்றாள் மகள்.

"நான் செய்வேன்."

"உங்கள மாதிரி ஒலகத்துல இன்னொரு ஆளு இருக்கணுமே லா."

"இருப்பான். அவன்தான் உனக்கு லெட்டர் போடுவான்."

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரே தடவையில் செய்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில கையுறைகளைத் தொடாமல் அப்படியே அலமாரியில் எடுத்து வைப்போம். நாளைக்கு யாராவது குறை சொன்னால் திறந்து பார்க்க மாதிரி வேண்டும். அதேபோல, ஏறுகிற படத்தை நிரல் என்ன செய்தாலும், வந்தது வந்தபடியே ஒரு பிரதி தனியாக இருக்க வேண்டும் என்றேன். இடத்தை அடைக்கும் என்றாள். அடைக்கட்டும் என்றேன். "அப்பாவுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது," என்று முனகிக்கொண்டே செய்தாள்.

குறைகள் வரவர அவள் முகம் மாறியது. எல்லாருக்கும் நல்ல செய்தி வந்தால் முகம் மலரும். எங்கள் வீட்டில் குறை வந்தால் மலர்ந்தது. ஒருவருக்குப் படங்கள் தேதி மாறி நின்றன, இன்னொருவருக்குப் பெரிய படம் ஏறவே மறுத்தது. அவள் திருத்தினாள், நான் உடைத்தேன், மறுபடி திருத்தினாள். சாப்பிடும்போது பேசினாள். நாற்காலியைச் சுவர்ப்பக்கமிருந்து திருப்பி வாசல் பக்கம் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்றாள். ஆனால் கேட்டை இன்னும் தாண்டவில்லை.

அப்போதுதான் நிறத்தைத் திருத்தும் அப்டேட் வந்தது.

மண்டபங்களில் எடுத்த படமெல்லாம் மஞ்சளடித்துப் போகிறது, பல்பு வெளிச்சத்தில் எல்லாருக்கும் காமாலை வந்தது போல இருக்கிறது என்று புகைப்படக்காரர் சொல்லியிருந்தார். மகள் அதற்கு ஒரு வழி செய்தாள். ஒரு படத்தில் மஞ்சள் அளவுக்கு மீறி இருந்தால் அது விளக்கின் குற்றம் என்று நிரல் எடுத்துக்கொள்ளும். கூடுதல் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை வெள்ளையாகக் காட்டும். என்னிடம் சோதிக்கக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையை எடுத்தேன், சாமி மேடையை எடுத்தேன், தொழிற்சாலை உணவகத்தில் நண்பர்களை எடுத்தேன், வெள்ளைக் கையுறைகளையும் எடுத்தேன். எல்லாம் அழகாக வந்தன. புத்தகத்தில் பெரிதாக பாஸ் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவள் வெளியே விட்டாள். அது ஒரு வியாழக்கிழமை.

சனிக்கிழமை காலை பசார் போய் மீனும் கீரையும் வாங்கி வந்து வைத்தபோது அவள் போன் அடித்தது. புகைப்படக்காரர். அவர் பேசுவது கூடம் முழுக்கக் கேட்டது.

"தங்கச்சி, என்னா வேல செஞ்சி வச்சிருக்க? நேத்து நலங்கு படத்தப் பாத்தியா இல்லியா?"

"இல்லண்ணே. என்னாச்சி?"

"பாரு. மொதல்ல பாரு. பொண்ணோட அம்மா என்னைய வெட்டிப் போட்ரும் லா!"

முகவரியை எனக்கும் அனுப்பச் சொல்லி, என் போனில் அந்த ஆல்பத்தைத் திறந்தேன். சிடாம் கிரி பக்கம் ஒரு தோட்டத்துக் கல்யாணம். வெள்ளிக்கிழமை நலங்கு, ஞாயிறு காலையில் தாலி, மத்தியானம் சாப்பாடு. சாப்பாட்டு நேரத்தில் ஆல்பத்தைப் பெரிய திரையில் ஓட்டுவதாக ஏற்பாடு. நலங்குக்கு வந்தவர்கள் ஆளாளுக்குப் படம் ஏற்றியிருந்தார்கள்.

கல்யாணப்பெண் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் வெள்ளைத் துணி, வெள்ளைச் செவ்வந்தி. அவள் கன்னத்திலும் கையிலும் யாரோ சாம்பலைக் குழைத்துப் பூசியது போல இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே அந்தச் சாம்பலைப் பூசினார்கள். ஐம்பது அறுபது படம், எல்லாம் இப்படி.

நலங்கில் என்ன இருக்கும்? மஞ்சள் புடவை, மஞ்சள் திரை, மஞ்சள் பூ, முகமெல்லாம் மஞ்சள். நிரல் அவ்வளவையும் பல்பின் குற்றம் என்று எடுத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் துடைத்துவிட்டது. தாலி ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு பெண்ணுக்கு வெள்ளைப் புடவை கட்டி, முகத்தில் சாம்பல் பூசிவிட்டது.

அவள் போனில் இப்போது வேறொரு குரல். பெண்ணின் அம்மா புகைப்படக்காரரிடமிருந்து பிடுங்கியிருக்க வேண்டும்.

"யாரும்மா நீ? என் மகளுக்கு வெள்ளப் புடவ கட்டிப் பாக்கணும்னு ஒனக்கு என்னா ஆச? நாளைக்கு இதத்தான் ஊரு முன்னால காட்டப் போறிங்களா? என் மாமியா படத்தப் பாத்துட்டு அழுவுது. கல்யாணத்த நிறுத்தவான்னு கேக்குது!"

மறுபடி புகைப்படக்காரர் வந்தார். "தங்கச்சி, நாளைக்குள்ள சரி பண்ணு. சரி பண்ணாலும் நான் நம்ப மாட்டேன். நீயே மண்டபத்துக்கு வந்து நின்னுதான் திரையில ஓட்டணும். இல்லன்னா இத்தோட உன் பிளகினத் தூக்கிடுறேன். போலே? முடியுமா?"

அவள் போனை வைத்தாள். மடிக்கணினியை மூடினாள். எழுந்து, நாற்காலியைத் தூக்கி, சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த நாற்காலி தரையில் உரசிய சத்தம் எனக்கு லோரிச் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. லோரியை நான் கேட்கவில்லை, அன்றைக்கு நான் அங்கே இல்லை. இதற்கு இருந்தேன். மறுபடி ஐந்து மாதம் என்று நினைத்தேன். இந்தத் தடவை அவள் திரும்பி வராமலே போனால் என்ன செய்வது என்று நினைத்தேன். அந்த அப்டேட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். வெள்ளைக் கையுறையை வைத்து மஞ்சளைச் சோதித்தவன்.

எனக்குத் தெரிந்தது சோதனை ஒன்றுதான். அடுப்படிக்குப் போய் மஞ்சள் தூள் டப்பாவை எடுத்தேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்து, கண்ணாடிகூடப் பார்க்காமல், நெற்றி, கன்னம், மூக்கு, காது, வழுக்கை வரைக்கும் பூசினேன். கொடியில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய் நின்றேன்.

"எடு," என்றேன், என் போனை நீட்டி.

நிமிர்ந்தாள். படத்தை எடுத்தாள். திறந்தே இருந்த பக்கத்தில் நானே பொத்தானை அழுத்தினேன். படம் ஏறியது. மஞ்சள் போய்விட்டது. சுடுகாட்டிலிருந்து நேராக எழுந்து வந்தவனைப் போல நான் திரையில் விழித்துக்கொண்டிருந்தேன்.

"பெயில்," என்றேன்.

அப்போது மீன் கழுவிய கையோடு என் மனைவி வந்தாள். என்னைப் பார்த்தாள். "என்னங்க இது? ஒங்களுக்கு எப்ப நலங்கு வச்சாங்க? பொண்ணு யாரு?"

மகள் சிரித்தாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அழுகிறாளோ என்று நான் குனிந்து பார்த்தேன். குனிந்த என் முகத்தைப் பார்த்து இன்னும் சிரித்தாள். கிண்ணத்தில் விரலை விட்டு என் மூக்கில் விட்டுப்போன இடத்தில் தடவினாள். "இங்க பூசல, அதான் பெயில்." அம்மாவின் கன்னத்திலும் ஒரு கோடு இழுத்தாள்.

அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

"ஒரிஜினல் இருக்கா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"எல்லாம் இருக்குப்பா. உங்க அலமாரியில." மாதிரிப் பிரதிகளைத்தான் அப்படிச் சொன்னாள். வந்த படம் வந்தபடியே, மஞ்சள் மஞ்சளாக இருந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மஞ்சள் எது, பல்பு எதுன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்க முடியாதா?" என்றேன்.

"முடியும். ஆனா இன்னைக்கு நலங்கு, நாளைக்கு வேற என்னமோ. நமக்குத் தெரியாத ஊர்ல நமக்குத் தெரியாத கலர்ல ஏதாச்சும் பூசுவாங்க. அதுவா கை வைக்கக் கூடாதுப்பா. கேட்டுட்டுத்தான் செய்யணும்." தானாகத் திருத்துவதை எடுத்துவிட்டு ஒரு பொத்தானை வைத்தாள். வேண்டுகிறவர்கள் அழுத்திக்கொள்ளலாம். பிறகு அந்தக் கல்யாண ஆல்பத்தின் எல்லாப் படங்களையும் மாதிரிப் பிரதிகளிலிருந்து திரும்பப் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. புகைப்படக்காரருக்குச் செய்தி அனுப்பினாள். அவர் ஒரு வரியில் பதில் போட்டார்: "நாளைக்கு நேர்ல வா."

அந்த வரியை அவள் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். சிடாம் கிரிக்குப் போக அந்த முச்சந்தியைத் தாண்ட வேண்டும்.

"கூப்புடாத கல்யாணத்துக்கு எப்படிப் போறது?" என்று மனைவி மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"போட்டோக்கார அண்ணன் கூப்புட்டாரே," என்றாள் மகள்.

"அப்ப நான் பச்சப் பட்டு கட்டிக்கிறேன். வெறுங்கையோட போவக் கூடாது, ஒரு தட்டு பழம் வச்சிக்குவோம்."

ஞாயிறு காலை மகள் கேட்டைத் தானே திறந்து, தானே வெளியே வந்து, நான் காரைப் பின்னால் எடுத்து வரும்வரை சாலையோரம் நின்றாள். அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நான் காரின் கண்ணாடியைச் சரி செய்தேன். ஆனால் கண்ணாடியிலும் அவள்தான் தெரிந்தாள்.

நான் ஓட்டினேன். பக்கத்தில் அவள், பின்னால் பட்டுப்புடவையும் பழத்தட்டும். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்தச் சாலையில் எல்லாரும் பறப்பார்கள்.

"அப்பா, சைக்கிள் நம்மள முந்திருச்சி."

"போகட்டும்."

"சைக்கிள்ல போனவருக்கு எழுவது வயசு இருக்கும்."

முச்சந்திக்கு முன்னால் நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். திட்டமிட்டு நிறுத்தவில்லை. கால் அப்படிச் செய்தது. வண்டி நின்ற பிறகும் என் கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை. அவள் பயப்படப் போகிறாள், அவளைத் தேற்ற வேண்டும் என்று இரவெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவள் என் கைகளைப் பார்த்தாள்.

"எறங்குங்கப்பா."

"எதுக்கு?"

"நான் ஓட்டுறேன்."

"கால்..."

"எடது கால்தான் ஒடஞ்சிச்சி. இது ஆட்டோ கியர் காடி, எடது காலுக்கு வேலயே இல்ல."

"எறங்குங்களேன்," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "வாழப்பழம் வெயில்ல கறுக்குது."

இறங்கி மாறி உட்கார்ந்தோம். அவள் இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், திரும்பும் விளக்கைப் போட்டாள். ஒரு லோரி வந்தது. நான் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தேன். அவள் லோரியைப் போகவிட்டாள். பின்னால் ஒரு மோட்டார் வந்தது, அதையும் போகவிட்டாள். சாலை காலியானதும் திரும்பினாள். சில விநாடிகளில் தாண்டிவிட்டோம். அவள் மேலுதட்டில் வேர்வை இருந்தது. "பாஸா?" என்று சாலையைப் பார்த்தபடியே கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவளுக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் மறுபடி கேட்கவில்லை.

மண்டபம் தோட்டத்துக்குள் இருந்தது. வெளியேயும் கூடாரம் போட்டு மேசை போட்டிருந்தார்கள். வாசலில் இரண்டு கேமராவை மாலை போல மாட்டிக்கொண்டு புகைப்படக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் அரக்குப் பட்டில் பெண்ணின் அம்மா. பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன், போனில் கேட்ட குரலுக்கு ஏற்ற முகம்.

"நீதானா அது? என் மகளுக்கு வெள்ளப் புடவ கட்டினவ?"

"ஆமா ஆன்ட்டி, நான்தான். திருத்திட்டேன். பாத்துட்டுத் திட்டுங்க," என்றாள் மகள்.

"அவ இல்ல, நான்தான் பாஸ் பண்ணேன்," என்றேன் நான்.

"நீங்க யாரு?"

"டெஸ்ட் பண்றவரு ஆன்ட்டி. எங்கப்பா."

அந்தம்மா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "மொதல்ல படத்தக் காட்டு," என்றார்.

மகள் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் மடிக்கணினியை வைத்துத் திரையோடு இணைத்தாள். சாப்பாடு பரிமாற ஆரம்பித்திருந்தார்கள். முதல் படம் வந்தது. கல்யாணப்பெண் மஞ்சள் புடவையில், மஞ்சள் பூவுக்கு நடுவில், முகம் நிறைய மஞ்சளோடு சிரித்தாள். அடுத்ததும் மஞ்சள். அதற்கடுத்ததில் யாரோ ஒரு சித்தியின் ஐந்து விரலும் பெண்ணின் கன்னத்தில் மஞ்சளாகப் பதிந்திருந்தன. மண்டபத்தில் கை தட்டினார்கள். பெண்ணின் அம்மா வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "வந்துருச்சி," என்றார். "மஞ்ச வந்துருச்சி." முன்வரிசையில் இருந்த மாமியாரிடம் போய்க் கையைப் பிடித்துத் திரையைக் காட்டினார்.

வடையை எடுத்து வாயில் வைத்தேன்.

அப்போது திரையில் நான் வந்தேன்.

ஆளுயரத்துக்கு மேல், காது வரைக்கும் மஞ்சள், மூக்கு நுனியில் மட்டும் விட்டுப்போய், தோளில் மஞ்சள் துண்டோடு, கண்ணை உருட்டிக்கொண்டு. சனிக்கிழமை நான் பொத்தானை அழுத்தியது எங்கள் சோதனை ஆல்பத்தில் அல்ல. இந்தக் கல்யாண ஆல்பம்தான் என் போனில் திறந்திருந்தது. நிரல் என்னையும் நலங்கு வீட்டாரோடு சேர்த்துவிட்டது. மகள் எனக்கும் மஞ்சளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரைப்பக்கம் திரும்பினார்கள்.

"யாருலா இவரு?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"மாப்பிள்ள பக்கமா?"

"எங்க பக்கம் இல்ல, பொண்ணு பக்கம்!"

"மாப்பிள்ளைக்கு ஸ்பேர் வச்சிருக்காங்க போல!"

பிறகு பக்கத்து மேசைக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். வடையோடு நான் மாட்டிக்கொண்டேன். மண்டபமே சிரித்தது. பெண்ணின் அம்மா என்னைக் கண்டுபிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இவருக்கும் நலங்கு வச்சாச்சா! அப்ப நீங்க நம்ம வீட்டு ஆளுதான். ஏய், இங்க பாயசம் கொண்டா!" பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பச்சைப் பட்டில் என் மனைவி, இவரை எனக்குத் தெரியாது என்பது போல அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் மகளைப் பார்த்தேன். மடிக்கணினிக்குப் பக்கத்தில், அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். படத்தை மாற்றவே இல்லை. வேண்டுமென்றே விட்டுவைத்தாள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

"தங்கச்சி, பிளகின் இருக்கட்டும்," என்றார் புகைப்படக்காரர். "ஆனா அங்கிள் படம் எல்லாக் கல்யாணத்துக்கும் வேணும்."

அன்று மத்தியானம் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்தே அடுத்த அப்டேட்டின் குறிப்பை அவள் எழுதினாள். எனக்குக் காட்டினாள். "ஒன்று: நிறத்தை இனி நிரல் தானாக மாற்றாது, உங்களைக் கேட்கும். இரண்டு: மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். மூன்று: சோதனையாளரின் முகம் இனி கல்யாண ஆல்பத்தில் வராது." மூன்றாவது வரியை ஆங்கிலத்திலும் அப்படியே போட்டாள். குளிர் தேசத்து நாய்க்காரர் அதைப் படித்துவிட்டு, அந்த முகத்தைத் தான் பார்க்க முடியுமா என்று கேட்டு எழுதினார். அனுப்பினாள்.

நான் முழுக்கச் சரியாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். போன் அடித்தால் இன்னும் நெஞ்சு குதிக்கிறது, முன்னைவிடக் கொஞ்சம் தாழ்வாக. சில வாரம் கழித்து, கோத்தா கோலா மூடாவில் ஒரு நிச்சயதார்த்தம், ஆல்பத்தைத் திரையில் போட வர முடியுமா என்று புகைப்படக்காரர் மகளைக் கேட்டார். கார் சாவியை எடுத்தாள். நானும் வரட்டுமா என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். "பாத்துப் போம்மா," என்று மட்டும் சொன்னேன். கேட்டை நான்தான் மூடினேன்.

உள்ளே வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அடிக்கவில்லை. நானும் அவளுக்கு அடிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்தேன். எனக்கு அது பெரிய காரியம்.

பிறகு எங்கள் சோதனை ஆல்பத்தில் ஒரு படம் ஏறியது. ஆற்று முகத்துவாரம், கட்டிப்போட்ட மீன்பிடிப் படகுகள், ஓரத்தில் அவள் கட்டைவிரல். முன்னால் இருந்த படகுக்கு யாரோ பளிச்சென்று மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். படம் நேராக நின்றது. மஞ்சள் இருந்தது. தேதி, மணி சரியாக இருந்தன. சேர்ந்துட்டியா, சாப்டியா என்று எழுதினேன். அழித்துவிட்டு, "பாஸ்" என்று மட்டும் பதில் போட்டேன்.